ஒருநாள் சாவி

பர்ராவில் ஊரையே வாடகைக்குத் தருகிறார்கள்.
சுற்றுலா அலுவலக மேசையில் முற்பணம் வைத்தால்
ஒரு வரைபடம்,
விரல் நீளத்தில் ஒரு சாவி.
பூட்டிக் கிடக்கிற பழைய இடங்களையெல்லாம்
இந்த ஒன்றே திறக்கும்,
மாலை நாலரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்றாள்
மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த பெண்.
கையொப்பம் வைக்கும்போது
என் பேனா ஒருதரம் நின்று எழுதியது.

அடிலெய்டிலிருந்து இரண்டு மணித்தியாலம்.
கோழித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன்
குகதாசன்தான் ஓட்டிவந்தான்.
அவன் மகள் ஆரணிக்கு எட்டு வயது.
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி
முன்னால் நடந்தாள்.

முதலில் ஓடைக்கரை.
செம்பு வெட்ட வந்தவர்கள்
கரையைக் குடைந்து குடியிருந்த பொந்துகள்.
குனிந்து போனோம்.
புகை போக விட்ட துவாரத்தில்
கைக்குட்டை அளவு வானம்.
"வாடகையே இல்லையாம்" என்றான் குகதாசன்.
"நாங்கள் பிந்தித்தான் வந்திருக்கிறம்."

பியர் வடித்த நிலவறையில்
சாவி பாதி போய் இறுகிவிட்டது.
இழுத்தோம். திருப்பினோம்.
கடைசியில் குகதாசன்
தன் தலையிலிருந்த எண்ணெயை விரலால் வழித்துச்
சாவியில் பூசினான்.
பூட்டு ஒரு முனகலோடு ஒப்புக்கொண்டது.
உள்ளே
வேறொரு நூற்றாண்டின் குளிர்.

பிறகு ஊரைத் தாண்டி மேட்டுப் பக்கம்.
கோதுமை அறுத்த தாள்கள் கணுக்காலைக் குத்தின.
கூரை போன ஒரு கல்வீட்டில்
அடுப்படி மட்டும் நிமிர்ந்து நின்றது.
கம்பிவேலிப் படலையில் ஒரு தகரப் பலகை:
திறந்திருந்தால் திறந்தபடி,
மூடியிருந்தால் மூடியபடி
விட்டுச் செல்லவும்.
ஆரணி அதை மூன்றுதரம் சத்தமாய் வாசித்தாள்.
செம்மறிகள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு,
பிழையான ஆட்களில்லை என்று
மேயத் தொடங்கின.
இளஞ்சிவப்புக் கிளிக்கூட்டம் ஒன்று
எங்கள் பாணையும் சம்பலையும் மேலிருந்து ஏசியது.

சிறை கடைசியில்.
அந்தப் பூட்டு மட்டும் சத்தமே இல்லாமல் திறந்தது.

முற்றம். வெயில். வரிசையாய் அறைகள்.
"மாமா, நீங்கள்தான் கள்ளன்.
உள்ளுக்குப் போங்கோ, நான் பூட்டுறன்."
"ஆரணி" என்றான் குகதாசன்.
அவ்வளவுதான் சொன்னான்.

சப்பாத்துக்குள் கல் என்று
வாசற்படியில் குந்தினேன்.
கழற்றினேன். கல் இல்லை.
என்றாலும் இரண்டுதரம் தட்டினேன்.

நான் இருந்த இடத்தில் சாவிகள் இல்லை.
நாலு வருசமும் ஏழு மாதமும்
காவலரின் இடுப்பில் ஆடும் ஓர் அட்டை,
கதவில் ஒரு பச்சை விளக்கு,
குருவிக்குஞ்சு போல ஒரு சின்னக் கீச்சு.
இப்போதும் சூப்பர்மார்க்கெட்டில்
பால்பெட்டி மேல் அந்தச் சத்தம் கேட்டால்
வரிசையில் நேராய் நிற்பேன்.

"அப்ப நான் கள்ளன், நீங்கள் பூட்டுங்கோ."
அறைக்குள் போய்க் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.
சாப்பாடு தள்ளும் துவாரத்தில்
இரண்டு கண்கள், காத்துக்கொண்டு.
"சாவி வச்சிருக்கிற ஆள்
சும்மா நிக்கக் கூடாது மாமா."

எழுந்து போனேன், ஒற்றைச் சப்பாத்தோடு.
சாவியைத் துவாரத்தால் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள்.
பிறகு மகா கோபம்:
"கள்ளனிட்டச் சாவியைக் குடுத்தா
இது என்ன விளையாட்டு?"

குகதாசன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று
பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினான்.
வெகு நேரமாய் ஊற்றினான்.

நாலு இருபதுக்கு அலுவலகம்.
எல்லாம் திறந்ததா என்று கேட்டாள் அந்தப் பெண்.
நிலவறைப் பூட்டு இறுகியிருக்கிறது என்றேன்.
குறித்துக்கொண்டு,
முற்பணத்தை எண்ணித் தந்துவிட்டு,
சாவியை மூக்கருகே கொண்டுபோனாள்.
"தேங்காயா?"

குகதாசன்
தலைமயிரைத் தடவி ஒழுங்குசெய்தான்.